அறுபதாயிரம் குளவி, மூன்று உப்புத்தாள்

சடையப்பன் ஓய்வு பெற்று நாற்பத்து மூன்று நாள் ஆகியிருந்தது. அந்த நாற்பத்து மூன்று நாளில் வீட்டில் அவர் உட்காராத இடமில்லை. உட்கார்ந்த இடத்தில் இரண்டு நிமிடம் நிலைத்ததும் இல்லை. முப்பத்தோரு வருஷம் செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே பஸ் ஓட்டியவர். ஓட்டிய தூரத்தைக் கூட்டினால் நிலாவுக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்து, கண்ணாடியை அங்கேயே வைத்துவிட்டேன் என்று இன்னொரு முறை போய் எடுத்து வந்திருக்கலாம். அப்பேர்ப்பட்ட மனிதரைப் பிடித்து ஒரு கூடத்தில் விட்டால் என்ன ஆகும்? கூடம்தான் தேயும்.

மனைவி வசந்தாவுக்கு அந்தக் கவலை கிடையாது. வீட்டுக்குப் பின்னால் ஒன்றரை ஏக்கர் நெல் வயல் அவள் ராஜ்ஜியம். அவர் பஸ்ஸில் இருந்த முப்பத்தோரு வருஷமும் உழவு, நடவு, களை, அறுப்பு எல்லாம் அவள்தான் பார்த்தாள். அவருக்கு அந்த வயலைத் தெரிந்ததெல்லாம் பஸ் ஜன்னல் வழியாக, அதுவும் எழுபது கிலோமீட்டர் வேகத்தில். ஓய்வு பெற்ற முதல் வாரத்தில் ஆர்வமாகப் போய் மடையைத் திறந்துவிட்டார். தண்ணீர் முழுக்கப் பக்கத்து ஜெயக்குமார் வயலுக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டாவது வாரம் களை எடுக்கிறேன் என்று இறங்கி, களையை விட்டுவிட்டுப் பயிரை எடுத்தார். மூன்றாவது வாரத்திலிருந்து வரப்போடு நிற்கச் சொல்லிவிட்டாள்.

"எனக்கும் ஒரு வேலை குடு வசந்தா" என்று தினமும் காலையில் கேட்பார்.

"வரப்புல நின்னுகினு இரு. எலி பயப்படும்."

நவரைப் பயிர் நட்டு முப்பது நாளான சமயத்தில், சாயங்காலம் விளக்கைச் சுற்றிக் குருத்துப்பூச்சி அந்து பறக்க ஆரம்பித்தது. அது இலை நுனியில் முட்டை வைக்கும், முட்டையிலிருந்து புழு வரும், புழு தண்டுக்குள் புகுந்து குருத்தை அறுக்கும். போன வருஷம் பாதிக் கதிர் வெள்ளையாக நின்றது. கையில் எடுத்தால் உமி மட்டும். வசந்தா அதை மறக்கவில்லை. ஜெயக்குமாரை மருந்து அடிக்க வரச் சொல்லிவிட்டாள்.

அங்கேதான் சடையப்பன் தலையை நீட்டினார். செங்கல்பட்டில் ஒரு சின்ன ஆய்வகத்தில் குளவி விற்கிறார்கள் என்று அவருடைய பழைய கண்டக்டர் ஒருவர் சொல்லியிருந்தார். போய்ப் பார்த்தார். அங்கே வேலை பார்க்கும் அனு என்கிற பெண் மூன்று அட்டையை எடுத்து வைத்தாள். கையகலம். ஒரு பக்கம் கறுப்பாக, மணல் தூவி ஒட்டியது போலச் சொரசொரவென்று இருந்தது.

"இதுல குளவி எங்கம்மா?"

"அந்தக் கறுப்புப் புள்ளி ஒவ்வொண்ணும் ஒரு முட்டை சார். அரிசில வருமே அந்து, அதோட முட்டை. எங்க குளவி அதுக்குள்ள தன் முட்டையை வெச்சிடும். உள்ளயே புழுவாகி, முட்டைல கீற எல்லாத்தையும் தின்னுட்டு, ஓட்டை போட்டுக்கினு வெளிய வரும். கறுத்துடுச்சுன்னா உள்ள ரெடின்னு அர்த்தம். வெளிய வந்ததும் உங்க வயல்ல குருத்துப்பூச்சி முட்டையைத் தேடிப் போய் அதுலயும் இதே வேலையைப் பண்ணும். புழு வரவேண்டிய முட்டைலேர்ந்து குளவி வரும்."

"கொட்டுமா?"

"அரை மில்லிமீட்டர் சார். உங்க தோலு அதுக்குக் கோட்டை சுவர் மாதிரி."

அட்டைக்கு இருபதாயிரம், மொத்தம் அறுபதாயிரம் என்றாள். ராத்திரி ஃபிரிஜ்ஜில் வைக்கணும், காலையில் வெட்டி இலைக்கு அடியில் குத்தணும், சனிக்கிழமை மத்தியானத்துக்குள் எல்லாம் வெளியே வந்துவிடும், மருந்து மட்டும் அடிக்கவே கூடாது. அடித்தால் முதலில் சாவது குளவிதான் என்றாள். சடையப்பன் அறுபதாயிரம் பயணிகளை ஒரு சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஊருக்கு வந்தார். வாழ்நாளில் இவ்வளவு கூட்டத்தை அவர் ஏற்றியதே இல்லை.

"இன்னாது இது?" என்றாள் வசந்தா.

"ஒட்டுண்ணி அட்டை."

"வயல்ல கால்ல ஏறி ரத்தம் குடிக்கிற அட்டை போதலன்னு டப்பு குடுத்து வேற அட்டை வாங்கியாந்தியா?"

அந்த அட்டை வேறு, இந்த அட்டை வேறு என்று விளங்க வைக்க ராத்திரி சாப்பாடு முடியும்வரை ஆயிற்று. கடைசியில் வசந்தா ஒரு தவணை கொடுத்தாள்.

"நாளைக்கு சனிக்கிழமை. உச்சி வரைக்கும் உனக்கு டைம். அதுக்குள்ள குத்தி முடி. முடிக்கலன்னா ஜெயக்குமார் மருந்து அடிப்பான். அதுக்கப்பறம் வயலு, வரப்புன்னு நீ வாயே தொறக்கக் கூடாது. வூட்ல குந்து, டிவி பாரு."

டிவி என்ற வார்த்தையைக் கேட்டதும் சடையப்பன் எழுந்து போய் அட்டைகளை ஃபிரிஜ்ஜில் வைத்தார்.

சனிக்கிழமை விடிவதற்கு முன்பே வசந்தா வயலுக்குப் போய்விட்டாள். சடையப்பன் ஏழு முறை ஃபிரிஜ்ஜைத் திறந்து பார்த்தார். எட்டரைக்கு அட்டைகளை வெளியே எடுத்து, குளிர் போகட்டும் என்று வாசல் ஜன்னல் திண்டின் மேல் நிழலில் வைத்தார். வாசலில் பெயின்டர் சாலமோன் கதவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பொங்கலுக்கு முன்பே முடிப்பதாகச் சொன்ன கதவு அது. பொங்கல் முடிந்து, கரும்புச் சக்கையும் காய்ந்து போனபிறகு நேற்றுதான் ஆரம்பித்திருந்தார். சாலமோனுக்கு எப்போதும் மூன்று இடத்தில் வேலை நடக்கும். மூன்று இடத்திலும் அவர் இருக்கமாட்டார்.

"பத்து மணிக்கு நான் கிளம்பிடுவேன் அண்ணாத்த. மாமல்லபுரம் குப்பத்துல இனியன் படகுக்குப் பேர் எழுதணும்."

"கதவு?"

"கதவு எங்க ஓடிடப் போவுது?"

சடையப்பன் குளிக்கப் போனார். குளித்தார் என்று சொல்வது மிகை. தண்ணீர் அவர்மேல் விழுந்தது, அவர் அதற்குள் வெளியே வந்துவிட்டார். ஆனால் நடுவில் ஆய்வகத்துக்குப் போன் போட்டு, அட்டையை எத்தனை துண்டாக வெட்ட வேண்டும் என்று கேட்டு, அதை எழுதி, எழுதின காகிதத்தைத் தொலைத்து, தேடி எடுத்ததில் ஒன்றரை மணி நேரம் ஓடிவிட்டது. கத்தரிக்கோலோடு வாசலுக்கு வந்தார்.

கதவு பாதி தேய்த்தபடி நின்றது. சாலமோன் இல்லை. ஜன்னல் திண்டில் அட்டையும் இல்லை. அது இருந்த இடத்தில் தேய்ந்து வழவழப்பாகிப்போன பழைய உப்புத்தாள் இரண்டு கிடந்தது.

சடையப்பன் அதையே பார்த்தார். கறுப்பு. கையகலம். ஒரு பக்கம் சொரசொரப்பு. எந்தப் பெயின்டரும் அதை மரம் தேய்க்கிற உப்புத்தாள் என்றுதான் எடுப்பான். சாலமோன் தன்னுடைய பழசைப் போட்டுவிட்டு, புதுசாகக் கண்ணில் பட்ட மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். போன் போட்டார். கதவோரம் சாய்த்திருந்த ஏணியின் உச்சியிலிருந்து சாலமோனுடைய போன் பாட்டுப் பாடியது.

பத்தேகாலுக்குப் பஸ் வந்தது. முப்பத்தோரு வருஷம் அவர் ஓட்டிய அதே தடம், ஓட்டுகிறவன்தான் புதுசு. அவன் ஒவ்வொரு மேட்டிலும் வண்டிக்கு மூச்சு வாங்கவிட்டான். சடையப்பனால் தாங்க முடியவில்லை. திருப்பங்களில் அவர் உடம்பு தானாகச் சாய்ந்தது, கால் தரையில் கிளட்சைத் தேடியது.

"அண்ணாத்த, மூணாவது கியர்லயே எவ்ளோ தூரம் போவான்? கொஞ்சம் சீக்கிரம் ஓட்டச் சொல்லுப்பா!" என்றார் கண்டக்டரிடம்.

"இன்னா அவசரம் பெர்சு?"

"அறுபதாயிரம் குளவி வெளிய வரப் போவுது!"

அடுத்த வினாடியில் முன்வரிசைப் பெண்கள் முந்தானையைத் தலைமேல் இழுத்தார்கள். ஒருவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். பஸ்ஸுக்கு எதற்கு ஹெல்மெட் கொண்டுவந்தார் என்று யாரும் கேட்கவில்லை. "எங்க கூடு? எங்க கூடு?" என்று கண்டக்டர் சீட்டுக்கு அடியில் குனிந்தார். "எங்கிட்ட இல்லப்பா, தொலைஞ்சு போச்சு" என்று சடையப்பன் சமாதானம் சொன்னது நிலைமையை இன்னும் மோசமாக்கியது. தொலைந்துபோன அறுபதாயிரம் குளவி எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் அல்லவா? இரண்டு பேர் நிறுத்தம் வருவதற்கு முன்பே இறங்கினார்கள். ஒரு நன்மை: டிரைவர் நாலாவது கியர் போட்டான்.

குப்பத்து மணலில் சடையப்பன் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து நண்டுகள் வளைக்குள் போயின. படகு கரையில் கவிழ்த்துப் போட்டிருந்தது. சாலமோன் அதன் முதுகில் குந்திக்கொண்டு தேய்த்துக்கொண்டிருந்தார்.

"நிறுத்து சாலமோனு! கையை எடு!"

சாலமோன் நிமிர்ந்தார். முகத்தில் கோபம். கோபப்பட வேண்டியவர் யார் என்பது சடையப்பனுக்கே குழம்பிவிட்டது.

"வா அண்ணாத்த. நானே உன்னைக் கேக்கணும்னு இருந்தேன். எந்தக் கடைல வாங்கின இந்த உப்புத்தாளு? ஒண்ணுத்துக்கும் ஆவாது. ஒரு தேய் தேய்ச்சா பொடிப்பொடியா கொட்டுது. ஏமாந்துட்டியே!"

படகின் மேல் மிளகுத்தூள் போலக் கறுப்புப் பொடி. கடற்காற்று அதையும் வாரிக்கொண்டு போனது. சாலமோன் கையில் இருந்த அட்டை வெறும் காகிதமாக வெளுத்திருந்தது. இருபதாயிரம் உயிர். ஒரு சின்ன டவுன்.

"அது உப்புத்தாள் இல்லப்பா. குளவி."

"இன்னா?"

"ஒவ்வொரு மணலும் ஒரு குளவி முட்டை."

சாலமோன் கையில் இருந்ததைத் தேள் போல உதறினார். படகிலிருந்து குதித்தார். சட்டையைக் கழற்றி உதறினார். "நைனா, இதை முன்னாடியே சொல்லக் கூடாதா! பல்லுல கவ்விக்கினு படகுல ஏறினேனே!" என்று மூன்று முறை துப்பினார்.

மற்ற இரண்டும் அவர் பைக்குள் இருந்தன. நல்லவேளை, தின்னர் டப்பா வெளியே மணலில் இருந்தது. சடையப்பன் பையிலிருந்து ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கறுப்பு முட்டை ஒன்றில் ஊசிமுனை அளவு துளை தெரிந்தது. துளைக்குப் பக்கத்தில் தூசி ஒன்று நடந்தது. தூசி நடக்குமா? கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மூக்கை ஒட்டினார். தூசிக்குச் சிவப்புக் கண் இருந்தது.

"வந்துடுச்சு" என்றார். "மொதல்ல ஆம்பளைங்க வரும்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சு. வந்து பக்கத்து முட்டைங்க மேல நின்னுகினு பொண்ணுங்க வெளிய வர்றதுக்குக் காத்துகினு இருக்குமாம். பொண்ணு வந்த உடனே கல்யாணம். அது பறந்து போய் முட்டை வைக்கும்."

"இங்கயே பறந்தா?"

சடையப்பன் கடலைக் காட்டினார். "அலைல இன்னா நெல்லா விளையுது?"

மணி பதினொன்று இருபது. சட்டைப் பையில் வைத்தால் வேர்வையில் ஒட்டிச் சாகும். சாலமோன் பெயின்ட் வாளி கொடுத்தார், நாற்றத்திலேயே போய்விடும். அப்போது படகுக்காரர் இனியன் வந்தார். விஷயத்தைக் கேட்டார், நம்பவில்லை, ஆனாலும் புது வலை சுற்றி வந்த பெரிய கண்ணாடிக் கவர் ஒன்றை எடுத்துவந்து கொடுத்தார். "மீனைப் புடிச்சிக்கினு போறவன பாத்துக்கீறேன். தூசியப் புடிச்சிக்கினு போறவன இப்பதான் பாக்கறேன்."

அட்டை இரண்டையும் கவருக்குள் விட்டு, அமுங்கி நசுங்காமல் இருக்கக் காற்று ஊதி வாயைக் கட்டினார்கள். சாலமோன் தன் பழைய டி.வி.எஸ். வண்டியை உதைத்தார்.

"உக்காரு அண்ணாத்த. என் தப்புதான். நானே கொண்டு போய் வுடறேன். ஆனா பின்னாலேர்ந்து கியர் சொல்லாத, இதுக்குக் கியரே கெடையாது."

அந்தப் பயணத்தைப் பார்த்தவர்கள் இன்னமும் பேசுகிறார்கள். முன்னால் ஒரு பெயின்டர். பின்னால் பனியனோடு ஒரு பெரியவர். வெயில் படாமலிருக்க அவருடைய சட்டை ஒரு பெரிய பலூனுக்குப் போர்த்தியிருக்கிறது. பலூனுக்குள் ஒன்றுமே இல்லை. அவரோ கைக்குழந்தையைப் போல அதை அணைத்தபடி, "மெதுவா! பள்ளம்! சீக்கிரம்! மெதுவா!" என்று கத்திக்கொண்டு வருகிறார். ரோட்டோர டீக்கடையில் நின்ற ஒருவர், "பெர்சு, காத்து கிலோ இன்னா வெலை?" என்று கேட்டார். பதில் சொல்லச் சடையப்பனுக்கு நேரமில்லை. நடுவழியில் சட்டையை விலக்கி எட்டிப் பார்த்தார். கவரின் உள்பக்கம் புகை படிந்தது போல மங்கியிருந்தது. புகை நகர்ந்தது.

வயலுக்கு வந்தபோது பன்னிரண்டு தாண்டிப் பத்து நிமிடம். சடையப்பன் வண்டி நிற்பதற்கு முன்பே இறங்கினார். முப்பத்தோரு வருஷம் பயணிகளைத் திட்டிய அதே குற்றம்.

ஜெயக்குமார் வரப்பில் நின்றிருந்தான். முதுகில் மருந்து டேங்க். பக்கத்தில் வசந்தா.

"அடிச்சிட்டானா?" என்றார் சடையப்பன்.

"இப்பதான் கலந்து ஏத்தினான்" என்றாள் வசந்தா. "எங்க போயிருந்த? உச்சின்னு சொன்னேன்."

"பெர்ப்பா, கலந்த மருந்தைத் திருப்பி டப்பால ஊத்த முடியாது" என்றான் ஜெயக்குமார். "இன்னா அது கைல, பலூனா?"

"குளவி."

ஜெயக்குமார் கவரைச் சுற்றிவந்து பார்த்தான். மேலே பார்த்தான், கீழே பார்த்தான். "பெர்ப்பா, வெயில்ல ரொம்ப அலைஞ்சுட்ட. போய்ப் படு."

வசந்தா சிரிக்கவில்லை. கவரைத் தொட்டுப் பார்த்தாள். "எவ்ளோ கீது இதுல?"

அறுபதாயிரம் என்று சொல்ல வாய் திறந்தது. சொன்னால் யார் எண்ணப் போகிறார்கள்? லட்சம் என்றாலும் மறுக்க ஆளில்லை. சடையப்பன் வாழ்க்கையில் எந்த எண்ணையும் குறைத்துச் சொன்னதே கிடையாது; அவர் சொல்லும் கதையில் ஏழு பேர் வந்த பஸ் எழுபது பேரோடுதான் வரும். ஆனால் வரும் வழியில் எத்தனை செத்தது, எத்தனை உயிரோடு இருக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை. இதைப் பொய்யாகச் சொல்லி, பயிர் போனால், அது இவளுடைய பயிர்.

"தெரியல வசந்தா" என்றார். "மூணு அட்டைல ஒண்ணை சாலமோனு உப்புத்தாள்னு நெனைச்சி படகுல தேய்ச்சுட்டாரு. மிச்சம் ரெண்டுதான். பாதி வெளிய வந்துகினு கீது. எவ்ளோ பொழைக்கும்னு சொல்ல முடியாது. பலிக்கலாம், பலிக்காமயும் போவலாம்."

பின்னால் நின்ற சாலமோன், "கர்த்தர் மேல சத்தியம் அக்கா, என் தப்புதான்" என்றார்.

வசந்தா கணவனை ஒரு தினுசாகப் பார்த்தாள். கல்யாணமாகி முப்பத்து நான்கு வருஷத்தில் 'தெரியல' என்ற சொல்லை அவர் வாயிலிருந்து அவள் கேட்டதில்லை. குனிந்து ஒரு இலை நுனியைக் கிள்ளாமல் வளைத்துப் பிடித்தாள். அதில் பழுப்பு மயிர் மூடிய ஒரு சின்ன முட்டைக் கூட்டம். அந்து வைத்துவிட்டுப் போனது.

"தொற" என்றாள். "இதுகிட்ட வுடு. பாக்கறேன்."

கவரின் வாயை ஓர் ஓரமாகப் பிரித்து இலைக்குப் பக்கத்தில் வைத்தார். எல்லாரும் குனிந்தார்கள். டேங்கைச் சுமந்த ஜெயக்குமார்கூடக் குனிந்தான். இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம். சடையப்பனுக்கு ஓட வேண்டும் போல, கத்த வேண்டும் போல, யாரையாவது ஹாரன் அடித்து விலக்க வேண்டும் போல இருந்தது.

"யோவ், ஆடாத. உன் நெழலு விழுது" என்றாள் வசந்தா.

தூசி ஒன்று இலையில் இறங்கி நடந்தது. முட்டைக் கூட்டத்தின்மேல் ஏறியது. மீசை இரண்டால் தட்டித் தட்டிப் பார்த்தது, கத்தரிக்காய் வாங்குகிறவள் போல. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து அளந்தது. பிறகு ஓரிடத்தில் நின்று, பின்பக்கத்தைச் சாய்த்து, அசையாமல் அழுந்தியது.

"இன்னா பண்ணுது?" ஜெயக்குமார் குரலைத் தாழ்த்திவிட்டான்.

"முட்டைக்குள்ள முட்டை வைக்குது" என்றார் சடையப்பன்.

"பொம்பளையா அது?" என்றாள் வசந்தா.

"பொம்பளதான். ஆம்பளைக்கு வயல்ல வேலையே கெடையாது. பொறந்த எடத்துலயே நின்னுகினு இருந்துட்டு செத்துப் போயிடும்."

"எங்க வூட்லயும் அப்படிதான்" என்றாள் வசந்தா. நிமிர்ந்தாள். "ஜெயக்குமாரு, டேங்கை எறக்கு."

"பெர்ம்மா, கலந்துட்டேனே. சரி, என் வயல்லயாவது அடிச்சிக்கிறேன்."

"உன் வயலு காத்துக்கு மேலாண்ட கீது. அடிச்சா மொத்தமும் இங்கதான் வரும். அந்தாண்ட ரோட்டுக்குப் பக்கத்துல கீதே உன் கத்தரித் தோட்டம், அங்க கொண்டு போ. நெல்லுல ஒரு வாரத்துக்குக் கை வைக்காத. பலிக்கலன்னா அப்பறம் நானே கூப்புடறேன்."

ஜெயக்குமார் முணுமுணுத்துக்கொண்டே போனான். சாலமோன் கதவு ஞாபகம் வந்தது போல நகர்ந்தார். உண்மையில் ஏணியில் இருக்கும் போன் ஞாபகம்.

வசந்தா கவரை வாங்கி, அட்டைகளை மெல்ல வெளியே எடுத்தாள். மடியிலிருந்த கத்தரியால் ஒவ்வொன்றையும் துண்டு துண்டாக வெட்டினாள். புகை போல ஏதோ அவள் விரலைச் சுற்றி எழுந்து பயிருக்குள் கலைந்தது. பாதித் துண்டுகளை எண்ணாமல் அள்ளி அவரிடம் நீட்டினாள்.

"இந்தா. கெழக்கால கோடி உனக்கு. பத்தடிக்கு ஒண்ணு, இலைக்கு அடில குத்து. பயிரை மிதிச்ச, அவ்ளோதான்."

சடையப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் கால் வைத்தார்.